சோமாவோடு பார்த்த இரண்டாம் பாகம்

எனக்கு எழுத்து ஒழுங்கா வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரசிகர் பக்கத்தின் நடிகர் என்றால் எனக்கு உயிர். இரண்டு பாகமாக வந்த அவருடைய படத்தின் முதல் பாகத்தை எங்கள் ஊர் பாலாவியில் எங்கள் வீட்டு டீவியில், என்னையும் உம்மா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை சோமாவோடு பார்த்தேன். இரண்டாம் பாகத்துக்கும் நானே கூப்பிட்டேன்.

அதில் வில்லன் தொப்பி போட்ட எங்கட முஸ்லிம் ஆள். தொழுதுவிட்டுக் குண்டு வைக்கப் போகிறான். இனி இவள் எங்களை எப்படிப் பார்ப்பாளோ? டீவியை நிப்பாட்ட எழும்பினேன்.

சோமா விழுந்து விழுந்து சிரித்தாள். "உம்மா, சப்பாத்தோட பாயில ஏறித் தொழுறான்! நீங்க என்ட செருப்பையே வாசலில கழட்ட வைக்கிற ஆள். இவன் எங்க உங்கட ஆள்?"

"ஓம் புள்ள" என்றேன். டீவியை நிப்பாட்டாமல் திரும்ப அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பயத்தில் நான் அந்தச் சப்பாத்தைக் காணவே இல்லை. படம் பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.