கலர் இறங்கிய ஒரிஜினல்

1. போன்

"ஏனுங்க, கலரு போவுதுங்க! ஒரிஜினல்னு சொல்லித்தானுங்க குடுத்தீங்க?"

காலை டீயை நான் இன்னும் ஆற்றி முடிக்கவில்லை. போனில் பேசியவர் முத்துசாமி. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இரண்டு போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். முந்தைய வாரம்தான் எங்களிடம் ஒரு பெரிய வாட்டர்கலர் படம் வாங்கிப் போயிருந்தார். "எங்களிடம்" என்று எழுதினாலும் வரைகிறவர் சுகன்யா. நான் அவரிடம் வேலை பார்ப்பவன்.

அதற்கு முன்னால் குமாரபாளையத்தில் ஒரு பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷேடு செக்கராக இருந்தேன். சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு லாட்டையும் மாதிரித் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்பேன். நிறம் ஒத்தால் பாஸ், ஒத்துவராவிட்டால் ரிஜெக்ட். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. துணியில் சாயம் ஒட்டினால் மறுபேச்சில்லை, மொத்த லாட்டும் பட்டறைக்கே திரும்பும். அதனால் கலர் போகிறது என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் என் கை முதலில் வெள்ளைத் துணியைத்தான் தேடும்.

ஓய்வு பெற்றதும் ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மகன் வீட்டோடு வந்தேன். இரண்டு வீடு தள்ளி சுகன்யாவின் ஸ்டூடியோ. கரூரில் ஒரு கம்பெனியில் துணி டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர், சொந்தமாகப் படம் வரைந்து விற்பதென்று வேலையை விட்டு வந்தார். ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்து இருபத்தைந்தே பிரிண்ட் போடுவார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/25, 2/25 என்று எண் போட்டுக் கையெழுத்திடுவார். பிரிண்ட்டை ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், பேக் செய்து கூரியருக்கு அனுப்புவதும் என் வேலை. எண் போடுகிற தொழில் என்பதால் எனக்கு ஒத்துப்போயிற்று.

சின்னப் படங்களும் பிரிண்ட்டுகளும் ஓரளவு விற்றன. ஆனால் முழு ஷீட் அளவு ஒரிஜினல் ஒன்றுகூட நகரவில்லை. கரூர் கம்பெனி மேனேஜர் அந்த மாதக் கடைசி வரை சுகன்யாவின் இடத்தை நிரப்பாமல் வைத்திருந்தார். முத்துசாமி படத்தை எடுத்துக்கொண்டு போன அன்றுதான் சுகன்யா, "இதுல நின்னுக்கலாம் போல இருக்குங்க சார்" என்றார். ஸ்டூடியோ வாடகையும் பேப்பர் பாக்கியும் அந்தப் பணத்தில்தான் கொடுபட்டன. படம் திரும்பி வந்தால் பணமும் திரும்பிப் போக வேண்டும். பிறகு கரூருக்கு பஸ் ஏறுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

2. ஆர்.சி. புக்

அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் வழியில் எங்கள் போர்டைப் பார்த்து முத்துசாமியும் அவர் மனைவி பூங்கொடியும் காரை நிறுத்தினார்கள். சுவரில் இருந்த பதினான்கு படங்களில் அவர் ஒன்றின் முன்னால் மட்டும் நின்றார். காய்ந்த கடலைக்காட்டில், உச்சி வெயிலில், மாஸ்ட் என்கிற இரும்புக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தி ஒரு ரிக் வண்டி போர் போடுகிற படம். பின்னால் நான்கு பனைமரம், வெள்ளைப் புழுதி, புழுதிக்குள் மூன்று ஆட்கள்.

"என்ற வண்டியாட்டவே இருக்குதுங்க" என்றார். பிறகு கீழே அடுக்கியிருந்த பிரிண்ட்டைத் தொட்டு, "இது டூப்ளிகேட்டுங்களா?" என்று கேட்டார்.

சுகன்யா சிரித்தார். "இல்லீங்கண்ணா. டூப்ளிகேட்னா ஏமாத்தறது. இது நானே பிரிண்ட் எடுத்து, நானே கையெழுத்துப் போடறது. இருபத்தஞ்சுக்கு மேல போட மாட்டேன்."

"அப்ப செவுத்துல இருக்கறது?"

"அது ஒண்ணே ஒண்ணுதாங்கண்ணா. கையில வரைஞ்சது."

"அதையே குடுத்துருங்க. ஆனா ஆர்.சி. புக்கு வேணும்."

ஒரிஜினலோடு சுகன்யா ஒரு கையெழுத்திட்ட சான்றிதழ் கொடுப்பது வழக்கம். அதை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சேசிஸ் நம்பரக் காணமே?"

"படத்துக்கு ஏதுங்க சேசிஸு?" என்றார் பூங்கொடி.

"நீ சித்த சும்மா இரு. வண்டி வாங்கத் தெரிஞ்சவனுக்குப் படம் வாங்கத் தெரியாதா?"

தேக்குச் சட்டமும் கண்ணாடியும் தன்னுடைய ஆசாரியே போட்டுக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். ஆகவே படத்தை வெறும் பேப்பராகவே கொடுத்தோம். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். மடக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன்.

3. திருச்செங்கோட்டுக்கு

போன் வந்த அன்றே கிளம்பினோம். சுகன்யா ஒரு கலர் பெட்டி, நான்கு பிரஷ், அதே படத்தின் பிரிண்ட் ஒன்று எடுத்துக்கொண்டார். காரை அவரே ஓட்டினார். சங்ககிரி வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

"பேப்பர்லதான் கோளாறா இருக்கும் அம்மிணி. இல்லைன்னா கலர் ட்யூப் பழசா இருக்கும். தப்பு நம்ம மேலன்னா பணத்தத் திருப்பிக் குடுத்துரலாம். ரிக் ஓனருங்க எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் பங்காளி. ஒருத்தர் வாயத் திறந்தா ஊரே பேசிரும்."

"எந்தப் பணத்தத் திருப்பறதுங்க சார்?" என்றார் அவர். "கொஞ்ச நேரம் பேசாம வாங்களேன்."

எதிரில் வந்த லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

முத்துசாமி வீட்டு வாசலில் ஒரு ரிக் வண்டி நின்றது. புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டி. முகப்புக் கண்ணாடியில் வரிசையாகச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். அதைப் பார்த்ததும் சுகன்யா அப்படியே நின்றுவிட்டார். "சார், படத்துக்கும் வெச்சிருப்பாங்களோ?" என்றார் மெதுவாக.

வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், லாரியோ மிக்ஸியோ, பொட்டு வைக்காமல் புழக்கத்துக்கு எடுக்க மாட்டார்கள். படத்துக்கு நான்கு மூலையிலும் நான்கு, மேலே நடுவில் ஒன்று, ஆக ஐந்து பொட்டு. வெறும் பேப்பரில், ஈரச் சந்தனத்தில். நடுப்பொட்டின் குங்குமம் ஈரத்தில் ஊறி வானத்தில் இறங்க ஆரம்பித்ததும் பூங்கொடி பயந்து, வண்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். குங்குமம் போகவில்லை. வானம்தான் துணியோடு வந்தது.

நான் முதலில் படத்திலிருந்த ஆட்களை எண்ணினேன். மூன்று பேரும் இருந்தார்கள். மாஸ்ட்டின் நுனி மட்டும் மங்கியிருந்தது. அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய திட்டு, அதன் குறுக்கே ரோஸ் நிறத்தில் ஓர் இழுப்பு.

4. இரண்டு துணி

"பாருங்க" என்று முத்துசாமி நீல நிறம் ஒட்டிய துணியைத் தூக்கிக் காட்டினார். "என்ற வண்டிப் பெயிண்ட்டு எத்தன மழையப் பாத்துருக்குது, ஒரு சொட்டு ஓடியிருக்குமா? இது ஒரு தொடைக்கே போச்சுங்க!"

பூங்கொடி கதவோரம் நின்றிருந்தார். காலையிலிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட முகம்.

"அண்ணா, வாட்டர்கலர்னா தண்ணியில கரைக்கற கலர்" என்றார் சுகன்யா. "தண்ணி பட்டா எழுந்து வரும். அதான் அதோட குணம்."

"அப்ப அந்தப் பிரிண்ட்டையும் தொடைங்க, பாக்கலாம்."

சுகன்யா தயங்கவில்லை. பிரிண்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். முத்துசாமி வேறொரு வெள்ளைத் துணியை நனைத்து, என்னிடம் நீட்டி, "நீங்களே தொடைங்க பெரியவரே, அப்பறம் நான் அழுத்திட்டேன்னு சொல்லக்கூடாது" என்றார். வாழ்நாளெல்லாம் நான் செய்த டெஸ்ட் இது. பிரிண்ட்டின் மூலையில் மெல்ல ஒற்றி எடுத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

"போச்சு போங்க!" என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "டூப்ளிகேட்டு நிக்குது, ஒரிஜினல் ஓடுது! நாயத்தப் பாத்தீங்களா!"

என் பழைய கணக்குப்படி பாஸ் ஆக வேண்டியது பிரிண்ட், ரிஜெக்ட் ஆக வேண்டியது படம். இரண்டு துணியும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அப்போது பூங்கொடி உள்ளே வந்தார்.

"ஏனுங்க, என்ற கண்ணாலப் பட்டுச்சீலைய நீங்க வாஷிங் மிஷின்ல போடுவீங்களா?"

"அது எதுக்கு இப்ப?"

"இல்ல, சொல்லுங்க. நைட்டியப் போட்டா சாயம் போவாது. பட்டப் போட்டா போயிரும். அப்ப பட்டு டூப்ளிகேட்டு, நைட்டி ஒரிஜினலா?"

முத்துசாமி இரண்டு துணியையும் மடித்து ஓரமாக வைத்தார்.

"பட்டுன்னு தெரியாமத் தொடச்சது எம்பட தப்பு. அந்தப் புள்ளைய எதுக்குங்க வெரட்டறீங்க?"

"பட்டுன்னு இவங்க முன்னாடியே சொல்லியிருக்கோணுமல்லோ?" என்றார் அவர். ஆனால் குரல் இறங்கிவிட்டது. கேள்வியும் நியாயம்தான். மடக்காதே, வெயிலில் வைக்காதே என்று சொன்ன எங்களுக்கு, பொட்டு வைக்காதே என்று சொல்லத் தோன்றவில்லை.

"அம்மிணி, இதச் சரி பண்ண முடியுமா?" என்று சுகன்யாவிடம் கேட்டார்.

"பழையபடி ஆக்க முடியாதுங்கண்ணா. மறைக்கவும் மாட்டேன், மேல பூசினா அசிங்கமா இருக்கும். திட்டுத் தெரியாம ஓரத்த மட்டும் இளக்கி விடறேன். அப்பறம் பாருங்க. புடிக்கலைன்னா படத்த நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொள்கிறேன் என்றால் பணத்தைத் திருப்ப வேண்டும்; அந்தப் பணம் அவர் கையில் இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, சுத்தமான பிரஷ்ஷை நனைத்து, துடைத்த இடத்தின் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினார். கூரான விளிம்பு கரைந்து வெளிறிய மேகம்போல் ஆயிற்று. மாஸ்ட்டின் நுனியைத் திரும்பக் கோடிழுத்தார். ரோஸ் இழுப்பை மேற்குப் பக்கமாகப் பரத்திவிட்டார். உச்சி வெயில் படத்தில் ஒரு மூலைக்கு மட்டும் பொழுது சாய்ந்தது. எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான். பனைமர நிழலெல்லாம் உச்சிவெயில் நிழல், வானம் மட்டும் சாயங்காலம்.

மூலைப் பொட்டுகளின் சந்தனத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டார். மஞ்சள் வட்டங்கள் நான்கும் பேப்பரில் தங்கிவிட்டன. "இது போகாதுங்க அக்கா" என்றார்.

"இருந்துட்டுப் போவட்டும் கண்ணு" என்றார் பூங்கொடி. "சாமிக்கு வெச்சதுதான?"

முத்துசாமி பிரிண்ட்டைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த இருபத்தஞ்சுலயும் பொட்டு இருக்காதுங்களா?"

"இருக்காதுங்கண்ணா. அது முன்னாடியே ஸ்கேன் பண்ணினது."

"இந்தச் செவப்பு வானமும் இருக்காது?"

"இருக்காது."

"அப்ப இது எங்க ஊட்டுதுதான்" என்றார். ஆசாரிக்குப் போன் போட்டு, கண்ணாடியோடு அன்றைக்கே வரச் சொன்னார். பிரிண்ட்டையும் விடவில்லை. மச்சான் வீட்டுக்காம். "அவனுக்கு நைட்டியே போதும்" என்றார்.

திரும்பும் வழியில் சங்ககிரியில் டீ குடிக்க இறங்கினோம். சுகன்யா கொஞ்சம் தள்ளி நின்று கரூருக்குப் பேசினார். "எனக்காக எடம் வெச்சிருக்காதீங்க சார். வேற ஆளப் போட்டுக்கங்க" என்றது என் காதில் விழுந்தது. எதற்கும் மாதக் கடைசி வரை பொறுத்திருக்கலாமே என்று கேட்டேன். "டீ ஆறுது, குடிங்க சார்" என்றார்.

5. இப்போது செய்வது

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள் எப்படிப் போய்ச் சேரும் என்று மட்டும் யோசித்துப் பேக் செய்யாதீர்கள். போய்ச் சேர்ந்த வீட்டில் முதலில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த வழக்கத்துக்கு ஓர் இடம் விட்டுக் கொடுங்கள். செய்யாதே என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஒரிஜினலோடும் அதே பேப்பரில் வெட்டிய வெறும் துண்டு ஒன்றை வைத்து அனுப்புகிறோம். பொட்டு அதில் வைத்துக்கொள்ளலாம். சட்டம் போடும்போது படத்தின் முதுகில் செருகிவிடலாம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று நான் ஸ்கேல் வைத்து வெட்டுகிறேன். அது எதற்கு என்று சுகன்யா கேலி செய்வார்.

போன வாரம் சங்ககிரியிலிருந்து ஒரு லாரி ஓனர், முத்துசாமி அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பனங்காட்டுப் படம் ஒன்றை எடுத்தார். சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்சலைக் கட்டி நீட்டியபோது வாங்கவில்லை.

"பொட்டு வெக்கற துண்ட உள்ள வெச்சீங்களா? பிரிச்சுக் காட்டுங்க, பாத்துட்டு எடுத்துக்கறேன்" என்றார்.

மூன்று சுற்றையும் பிரித்துக் காட்டினேன்.