நான்காவது பூ

நரியும் கொக்கும் பேசும் கதை என்றால் கடைசியில் ஒரு நீதி கிடைக்கும்; பிள்ளைகளும் நிம்மதியாக எழுந்து போவார்கள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஒன்றில் தொடங்கிய இந்தச் சங்கதியில் நீதியும் இல்லை, நிம்மதியும் இல்லை. நடந்தது மட்டும் உண்டு. நம்பாதவர்கள் அந்த வரிசைக் கடைகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

லோகேஸ்வரி கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்து சபாபதியின் கடையில் பூத்தொடுப்பவள். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே நோய் தொடங்கிவிட்டது. தொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு வாசனை வரும். உடனே தொண்டை இறுகும், நாக்கு மரத்துப்போகும், விரல்கள் மடங்க மறுக்கும். வாசனை விலகினால் எல்லாம் விலகிவிடும்.

ஒரு மருத்துவர் சைனஸ் என்றார். இன்னொருவர் முன்கையில் வரிசையாகக் குத்தி ஒவ்வாமைச் சோதனை செய்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். பூவில் தெளிக்கும் மருந்தாக இருக்கலாம் என்று ஒருவரும், ஒற்றைத் தலைவலியின் வேறொரு முகம் என்று மற்றொருவரும் சொன்னார்கள். கடைசியாகப் பார்த்தவர், வீட்டில் ஏதாவது கவலையா என்று கனிவோடு விசாரித்தார். அந்தக் கனிவுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

எந்தப் பூ என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை. சாமிக்குப் போகும் பூவைத் தொடுப்பவர்கள் முகர்ந்து பார்ப்பதில்லை. கூடைகளுக்கு நடுவே எல்லா மணமும் கலந்துதான் வரும். தனியாக ஒரு பூவையும் அவள் மூக்கருகே கொண்டுபோனது கிடையாது.

சபாபதியும் பொறுத்துப் பார்த்தார். இனியொரு முறை பாதி மாலையில் எழுந்து போனால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எந்தப் பூ என்று தெரிந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவள் கணவன் விமலன் ஒரு வழி சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சபாபதியின் கடையில் விற்காமல் மிஞ்சிய பூக்களோடு கிள்ளான் வீட்டுக்கு வந்தான்.

"இது சாமிக்குப் போகாத பூதானே, மோந்து பாருலா. கண்ணத் தொறந்து வச்சிருந்தா உனக்குச் சும்மாவே தொண்டைய அடைச்சுக்கும்," என்று சீண்டிக்கொண்டே அவள் ஷாலால் கண்ணைக் கட்டினான்.

"நடிக்கிறேன்னு நீங்களும் நெனைக்கிறீங்க."

"நடிச்சா சம்பளமாவது வரும். பேசாம மோந்து பாரு."

முதலில் மல்லிகை. ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது சம்பங்கி. ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவதாகச் சாமந்தி. மூச்சு சீராகவே இருந்தது. இதிலும் விடை இல்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்ததற்காக முகத்தை முன்னால் நீட்டினாள்.

பிறகு நான்காவது பூ.

கருகிய வெல்லத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியதுபோல ஒரு வாசனை. தொண்டை இறுகியது. நாக்கு மரத்தது. ஆனாலும் அவளுக்கு மகிழ்ச்சி. அகப்பட்டுவிட்டது.

பூவை நீட்டிய விரல்கள் உதட்டில் பட்டன.

ஈரமாக... சில்லென்று...

விரலிடுக்கில் பூத்தொடுக்கும் வாழைநார்.

விமலன் நாரைத் தொட்டதே இல்லை.

"இதுதாங்க... இது என்ன பூ?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது.

"எதுலா? மூணுதானே கொண்டாந்தேன். இரு, தண்ணி எடுத்துட்டு வரேன்."

விரல்கள் இன்னும் உதட்டில்தான் இருந்தன.

ஷாலைப் பிடுங்கி எறிந்தாள்.

எதிரே யாரும் இல்லை.

மறுநாள், பூக்கடைக்குப் பக்கத்து வெற்றிலைக் கடை ரெங்கசாமியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். லோகேஸ்வரிக்கு முன், இப்போது அவள் உட்காரும் அதே முக்காலியில் லெட்சுமி என்றொருத்தி உட்கார்ந்து தொடுத்தாளாம். அவளுக்கும் இதே நோய்; அவளையும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு நாள் பகலில் பாதி மாலையோடு சாய்ந்தவள் எழவே இல்லை.

"கையில பூவ எடுத்துக்கிட்டுக் கடை கடையா வருவாம்மா. கருகுன வெல்லத்துல மண்ணெண்ண ஊத்துன மாதிரி இருக்கு, ஒருத்தராவது மோந்து பாருங்கன்னு மூக்குக்கிட்ட நீட்டுவா. சாமிப் பூவாச்சே, யாரு மோப்பாங்க?"

வாசனை எப்படி இருந்தது என்று லோகேஸ்வரி அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

 மெல்லக் கேட்டாள்.

"அண்ணே... அது எந்தப் பூ?"

ரெங்கசாமி கீழே வைத்த வெற்றிலையை மறுபடி கையில் எடுத்தார்.

"தெரியலியேம்மா. நீட்டுனப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டோமே... யாரும் பாக்கலியே."