யசோதா எழுதிக் கொடுத்த பக்கம்

1963 ஜூலையில், ஓசூர் ரோட்டுப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அறுபது பேர் சேர்ந்தார்கள். அதில் யசோதா ஒருத்திதான் பெண். இடம் கிடைத்த வேறு மூன்று பெண்கள் கடைசியில் வரவில்லை.

அவள் அப்பா சின்னப்பா ஒரு மில்லில் ஃபிட்டர். நீலசந்திராவில் வீடு, நடந்தே போய்விடலாம். ஆனால் எல்லாரும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று கல்லூரியின் பிராஸ்பெக்டஸில் அச்சடித்திருந்தார்கள். பெண்கள் விடுதியில் பன்னிரண்டு அறை. வார்டன் மிஸ் பிரிஜெட் ஏழு மணிக்கெல்லாம் தன் அறைக்குப் போய்விடுவார். மிச்சம் சமையல்கார லட்சுமம்மாதான்.

"ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கிறது பேஜாரு கண்ணு. உப்பு அளவே பிடிபடல" என்பாள் லட்சுமம்மா.

பிண அறுவைக் கூடத்தில் யசோதாவின் மேஜையில் ஏழு பையன்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அவள் வந்து நின்றதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, பள்ளியில் கூடப் படித்த காந்தா எழுந்து நின்று, "வாங்க டாக்டரம்மா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று யசோதா சிரித்தாள். காந்தா சிரிக்கவில்லை.

மார்ச்சில் ஆபீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் சீனிவாசராகவன் அவளைக் கூப்பிட்டார். "அடுத்த வருஷ பிராஸ்பெக்டஸுக்குப் பெண்கள் விடுதியைப் பத்தி ஒரு பக்கம் வேணும். நன்னா எழுதிக் கொடும்மா."

வெந்நீர், காற்றோட்டம், படிக்கும் அறை எல்லாம் எழுதினாள். பிறகு கை நிற்கவில்லை. இந்த வருஷம் இங்கே நான் மட்டும்தான், எலும்புகளின் பெயரைச் சுவரிடம் ஒப்பிக்கிறேன், வாரத்தில் சில நாள் என் குரலையே நான் கேட்பதில்லை, இன்னும் ஒருத்தி வந்தால்கூடப் போதும் என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதைப் போட்டா யாரும்மா பொண்ணை அனுப்புவா?"

"போடலைன்னா, தெரியாம வருவாங்க சார். நான் அப்படித்தான் வந்தேன்."

பிராஸ்பெக்டஸ் அச்சாகி வந்தபோது வெந்நீரும் காற்றோட்டமும் மட்டும் இருந்தன.

மே மாதம் மல்லேஸ்வரத்திலிருந்து ருக்கு என்ற பெண் தன் அப்பாவோடு கல்லூரியைப் பார்க்க வந்தாள். சுற்றிக் காட்ட யசோதாவை அனுப்பினார்கள். அப்பா லேபரட்டரியில் நின்றுவிட்ட நேரத்தில் ருக்கு மெதுவாகக் கேட்டாள்: "ஹாஸ்டல்ல எத்தனை பேர்?"

"நான்தான்."

"பயமா இல்லியா?"

"பயமில்ல. பேச ஆள் இல்ல."

ருக்கு அவள் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கேட் வரைக்கும் விடவேயில்லை. அன்று சாயங்காலம் யசோதா தன் எதிர் அறையைப் பெருக்கித் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

ருக்கு வரவில்லை. அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு கார்டு வந்தது. அந்த வருஷம் வேறு இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள், கோலாரைச் சேர்ந்த அக்கா தங்கை. யசோதா காட்டிய எதிர் அறை வேண்டாமென்று, மாடிக்கோடியில் ஒரே அறையில் ஒன்றாகத் தங்கிக்கொண்டார்கள்.

நல்ல பெண்கள்தான். பரீட்சைக் காலத்தில் சந்தேகம் கேட்க வருவார்கள். யசோதா பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள். முடிந்ததும், "தேங்க்ஸ்க்கா" என்று புத்தகத்தை மூடிக்கொண்டு இருவரும் மாடியேறுவார்கள். இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்குக் கடைசி வரை வாய் வரவில்லை.