பொரி மேடம்

ஐப்பசி மழை சிதம்பரம் பேருந்து நிலையத்தின் கூரையில் இரைந்துகொண்டிருந்தபோது தனபால் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், மேடம் போயிட்டாங்க.”

“எந்த மேடம்?”

“பொரி மேடம் சார்.”

அடுத்து வந்த கடலூர் பேருந்தில் ஏறினேன்.

திருமதி ரெஜினா அவர்களை அறியாதவர்களுக்கு: கடலூரில் மனைப்பிரிவுகளுக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். அவர் நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதினால்தான் கோப்பு அடுத்த மேசைக்கு நகரும். தாழ்வான நிலமென்றால் மழை பெய்யும்வரை பார்க்க மாட்டார். “வெயில்ல பாத்தா எல்லாம் நல்ல நிலந்தான்” என்பார்.

2004இல், செய்தியாளனாக அந்த அலுவலகத்துக்குப் போனபோது அவரை முதலில் சந்தித்தேன். ஆயுத பூஜை முடிந்து அலுவலகம் திறந்த நாள். மீந்த பொரியையெல்லாம் அவர் ஒரு பையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“சர்ச்சுக்குப் போறவங்க நம்ம சாமி பொரிய மூட்டை கட்றாங்க பாருங்க சார்” என்று பக்கத்து மேசைக்காரர் சீண்டினார்.

“உங்க சாமி கோவிச்சுக்காது. வருஷா வருஷம் எங்கூட சைட்டுக்கு வருது” என்றார் இவர். எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தனபால் என்னைத் தேடி வந்தார். சேத்தியாத்தோப்பு சாலையில் நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்திருந்தார். நடுவில், கிழக்குப் பார்த்த மனை அவருக்கு. வளைகுடாவில் வெல்டராக இருந்த காலம் முழுக்க மனத்தில் கட்டிய வீடு அது. பிறக்கப்போகும் குழந்தையை அங்கேதான் கொண்டுவருவேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“பட்டா இருக்கு, வில்லங்கம் இல்ல. மழை வரட்டும்னு சொல்றாங்க சார். அவுங்க இன்னா, நாத்து நடப் போறாங்களா? பேப்பர்ல போடுங்க.”

போடுவதற்கு முன் பார்க்க வேண்டுமே என்று, ஆய்வு நாளில் நானும் போனேன்.

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த காலை. நிலம் முழுக்கக் கணுக்கால் அளவுத் தண்ணீர்; எல்லைக் கற்களின் வெள்ளைத் தலைகள் மட்டும் தெரிந்தன. தொலைவில் சிதம்பரம் கோபுரங்கள் மூட்டத்தில் மிதந்தன. வானம் எங்கள் காலடியிலும் இருந்தது. ரெஜினா அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பையிலிருந்து ஒரு கை பொரியை அள்ளி நீரில் தூவினார்.

பொரி சற்று நின்றது. பிறகு யாரோ மெல்லக் கூப்பிட்டதுபோல் ஒரே திசையில் நகரத் தொடங்கியது. நாங்கள் பின்னால் நடந்தோம். கற்களுக்கு இடையே வளைந்து வளைந்து சென்ற அந்த வெள்ளை வரிசை, தனபாலின் மனைக்குள் நுழைந்து, வாசல் என்று அவர் நினைத்திருந்த இடத்தின் வழியே வெளியேறியது.

“இங்க வாய்க்கால் இருந்திருக்கு தம்பி.”

“காயிதத்துல இல்லியே மேடம்?”

“தண்ணிக்கு ஞாபகம் இருக்கே.”

“பொரி போவுதுன்னு என் வூட்ட வுட்டுடச் சொல்றீங்க. கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?”

அவர் கோபப்படவில்லை. “இந்தத் துண்ட தண்ணிக்கும் பூங்காவுக்கும் வுட்டுட்டு வரைபடத்த மாத்திக் கொண்டாங்க. நானே கூட உக்காந்து பாக்குறேன்.”

அனுமதியில்லாமலே மனை விற்பவர்கள் சாலை நெடுகக் கொடி நட்டிருந்த காலம். தனபாலும் நட்டிருக்கலாம். மறுநாள் மனைவியை அழைத்துவந்து, அதே இடத்தில் பொரி தூவிக் காட்டினாராம். “நம்ம வாசல்ல ஆறு போவுதுங்க” என்று அந்த அம்மா சிரித்துவிட்டாராம். அதன் பிறகுதான் வரைபடம் மாறியது, அனுமதியும் வந்தது. குழந்தை வாடகை வீட்டில்தான் பிறந்தது. மேற்குப் பார்த்த ஓரத்து மனையில் எழுந்த வீட்டுக்கு அது தன் காலால் நடந்து வந்தது.

மேடத்தை அடக்கம் செய்த அன்று, கடலூர் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்தார்கள். தனபால் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்.

“ஃபாதர், எங்க பக்கம் பொரி போடுவோம். போடலாமா?”

பாதிரியார் தலையசைத்தார்.

கல்லறையை ஒட்டி ஓடிய மழைநீரில் பொரி விழுந்தது. சற்று நின்றது. எங்கள் எல்லோருடைய கண்களும் அதன் மேல் இருந்தன. பிறகு அது மெதுவாக அவரை விட்டு விலகி, வாசலை நோக்கிப் போனது.

“நல்ல எடந்தான் சார்” என்றார் தனபால், மூக்கை உறிஞ்சியபடி. “தண்ணி நிக்கல.”

கடைசி வெள்ளைப் புள்ளி கேட்டைத் தாண்டும்வரை குடைகளின் கீழ் நின்றிருந்தோம்.

மழையில்தான் பார்த்தோம், மேடம். நிம்மதியாகத் தூங்குங்கள்.