முதல் வரிசை மூட்டைகள்

அறுபதுகளின் நடுவில் ஒரு நிலக்கடலைப் பருவம் முழுவதும் செஞ்சியில் ஓர் எண்ணெய் ஆலையில் இருந்தேன். சென்னையில் எங்கள் பல்கலைக்கழகக் கணிதத் துறையும் அந்த ஆலையும் செய்துகொண்ட ஏற்பாடு அது. துறை அதற்கு முன் எந்தத் தொழிலோடும் சேர்ந்து வேலை செய்ததில்லை. பேராசிரியர் அதைப் பற்றி எல்லோரிடமும் பேசினார். நான் அவருடைய ஆராய்ச்சி மாணவன். தராசு, சிறிய அடுப்பு, எண் அட்டவணைப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

பக்கத்து வல்லத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் வண்டிகளில் வரும் நிலக்கடலைப் பருப்பு மூட்டைகளில் சில ஈரமாக இருக்கும். ஈர மூட்டை அடுக்குக்குள் புழுங்கிப் பூஞ்சை பிடித்து, பக்கத்து மூட்டைகளையும் கெடுக்கும். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. எந்தச் சிலவற்றைப் பார்த்தால் மொத்தத்தையும் அறியலாம் என்பதே ஆலை எங்களிடம் கேட்ட கேள்வி. அன்றன்று அடுக்கும் மூட்டைகள் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பால் எண் எழுத வேண்டும். அட்டவணையிலிருந்து நான் பன்னிரண்டு எண்களைக் குருட்டுப்போக்கில் எடுப்பேன். அந்த மூட்டைகள் எங்கே கிடந்தாலும் இழுத்துக் குத்தி, ஒரு கைப்பிடி பருப்பை எடைபோட்டு, காயவைத்து, மறுபடி எடைபோடுவேன். இதுதான் எங்கள் முறை.

எண் எழுதுவதும் மூட்டை இழுப்பதும் சுமைகாரர்களின் வேலை. அவர்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். அடியில் கிடக்கும் ஒரு மூட்டைக்காக எட்டு மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

"எதிர்ல நிக்கறது எதுவும் சாருக்குப் புடிக்காது. மூலையில ஒளிஞ்சிக்கினு கீறதத்தான் பொண்ணு பாப்பாரு" என்பார் மேஸ்திரி. மற்றவர்கள் சிரிப்பார்கள். தூசியில் எனக்கு இழுப்பு வந்தால் அவரே தண்ணீர் கொண்டுவந்து, "நீங்க அந்தாண்ட குந்துங்க சார், நாங்க எடுத்தாறோம்" என்பார்.

பத்து நாள் இப்படிப் போனது. பிறகு, அவர்கள் வேலையைத் திட்டமிட்டுக்கொள்ளட்டும் என்று, மறுநாளுக்கான பன்னிரண்டு எண்களை முந்தின மாலையே எழுதி மேஸ்திரியிடம் கொடுக்கத் தொடங்கினேன். எதுவும் முன்கூட்டியே தயாராக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. முதலில் எண் எழுதிவிட்டு அப்புறம்தான் பொறுக்க வேண்டும் என்பதை நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்; அன்று அது தோன்றவில்லை. அதன்பின் மூட்டை இழுக்கும் வேலை அரை மணியில் முடிந்தது. நல்ல ஒழுங்கின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். ஈரம் எந்நாளும் அளவுக்குள்ளேயே இருந்தது. முதலாளி எங்கள் முடிவை நம்பி, வழக்கமாகச் செய்யும் உலர்த்தலை நிறுத்திவிட்டார்.

பருவம் முடியும்போது ஓர் அடுக்கின் நடுவிலிருந்து வாடை வந்தது. பிரித்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு. பருப்பு கறுத்திருந்தது. அடுத்த அடுக்கும் அப்படியே.

என் குறிப்புகளைப் புரட்டினேன். மூட்டை எங்கே இருந்தது என்பதையும் தினமும் குறித்திருந்தேன். அந்த மாலைச் சீட்டு தொடங்கிய நாளிலிருந்து நான் குத்திய ஒவ்வொரு மூட்டையும் முதல் வரிசை. வாசலைப் பார்த்து, வெயிலும் காற்றும் படும் வரிசை. தற்செயலாக அப்படி நடக்கவே முடியாது. மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"அந்தப் பன்னண்டு நம்பரை மட்டும் எழுதாம வெச்சிக்குவோம் சார். அடுக்கி முடிச்சப்புறம் முன்னால நிக்கறதுல போட்டுடுவோம். உங்களுக்கும் சுளுவு, எங்களுக்கும் சுளுவு. நீங்க கேட்ட நம்பரைத்தான குடுத்தோம்? அது எந்த மூட்டையில இருந்தா இன்னா?"

இன்றும் அந்தக் கேள்வியில் கள்ளம் எதையும் என்னால் காண முடியவில்லை.

ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். எண்கள் களத்துத் தொழிலாளர்களால் மாற்றி எழுதப்பட்டன என்று முடிவுரையில் இருந்தது. பட்டியலை முன்கூட்டியே கொடுத்தது ஆய்வாளரின் தவறு என்பதை மூன்றாம் பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போட்டேன். எழுதியாகிவிட்டது, என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். ஆலை எழுத்தர் முதலாளிக்கு முடிவுரையை மட்டும் படித்துச் சொன்னார். ஈர மூட்டை விற்க வந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றியதாக அர்த்தமாகி, மேஸ்திரியை அன்றே வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

மறு வாரம் பேராசிரியரோடு ஆலைக்குப் போனேன். வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார்.

"நான் திருடன்னு எழுதினீங்களா சார்?"

"இல்லை. அப்படி எழுதலை."

"அதை மட்டும் மொதலாளிகிட்ட சொல்லிடுங்க. எம் பொண்ணுக்கு மேல்சித்தாமூர்ல ஒரு எடம் பாத்திருக்குது. திருடன் வூட்டுப் பொண்ணுன்னா எவன் வருவான்? வேலை குடுக்காட்டியும் பரவால்ல."

உள்ளே முதலாளி காபி வரவழைத்தார். அடுத்த பருவத்துக்கும் எங்கள் ஏற்பாடு தொடருமா என்பதே பேச்சு. "ஆள்தான் சரியில்லை, முறை சரி" என்றார் பேராசிரியர். முதலாளி என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே தம்பி?" என்றார்.

தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் ஏற்பாடு அங்கேயே முறிந்திருக்கும். என் ஆராய்ச்சியும்தான். "முறை சரிதாங்க" என்றேன்.

திரும்பும்போது மேஸ்திரி வாசலில் இல்லை. அடுத்த பருவத்தில் நான் மறுபடி வந்தேன். இந்த முறை எண்ணை முதலில் எழுதினோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு காலை பேருந்து நிலையத்தில் அவர் யாருடைய மூட்டையையோ கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். இளைத்திருந்தார்.

"அன்னிக்கு சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்" என்றேன்.

"மொதலாளி கூப்ட்டு அனுப்புவாருன்னுதான் இந்த ஊர்லயே கெடந்தேன். அந்த எடமும் தட்டிப்போச்சி. நான் திருடன் இல்லன்னு தெரிஞ்சும் கூப்புடலன்னா, இனிமே இன்னா இருக்குது இங்க?" என்றார். பிறகு, "நீங்க சொன்னதே போதும் சார்" என்று கும்பிட்டார்.

அந்த மாதமே பெண்டாட்டி, மகளோடு பண்ருட்டிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சுமைகாரர்கள் சொன்னார்கள். எந்தச் சூளை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.