வெள்ளிக்கிழமை பாடும் ஆம்ப்ளி

எங்கள் வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டு எனக்கு நினைவில்லை. அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே அப்பா அதன்மேல் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கப்புறம் நானும் அவரும் தரையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தோம். சர்ச் சபைக்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், உள்ளெல்லாம் தெரியத் திறந்து கிடக்கும் ஆம்ப்ளியைப் பார்த்து, இன்னும் அதை மூடவில்லையா என்று சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மூடி மட்டும் அலமாரி மேலேயே தூசி படிந்து கிடந்தது.

அது கிதாருக்காகச் செய்ததே அல்ல. ஆம்பூரில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிற ஒருவர், இடத்தை அடைக்கிறது என்று தூக்கிக் கொடுத்துவிட்ட, பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வு செட். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கிதார் வாசிப்பார். இந்தக் காலத்து ஆம்ப்ளிகளில் கிதார் வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, வால்வுதான் மனுஷக் குரல் என்பது அவர் கட்சி. மைக்குக்கு இருந்த இணைப்பைக் கிதாருக்குத் தகுந்தபடி மாற்றினார். கரெண்டைத் தேக்கிவைக்கிற கண்டென்சர்கள் காய்ந்துபோயிருந்தன, அவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதியவை வைத்தார். எங்கே ஒயர் லூசாக இருக்கிறது என்று பார்க்க, என் பழைய பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக் கேட்பார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

ஸ்விட்சைப் போட்டதும் பாடாது. கண்ணாடி வால்வுகளுக்குள் மெதுவாகச் சிவப்பு ஏற வேண்டும். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நாட்களில் நானும் அப்பாவும் சேர்ந்து செய்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

மற்ற நேரமெல்லாம் தனிமைதான். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு பாயின் மனைவியிடம் சாவி வாங்கித் திறந்துகொண்டு உள்ளே போவேன். அவர்கள் உட்காரச் சொல்வார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் உருதுவில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் என்னால் அங்கே உட்கார முடியாது. வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வீட்டுப்பாடம் முடிந்த பிறகும் அப்பா வர நெடுநேரம் இருக்கும். மேசைமேல் திறந்து கிடக்கும் ஆம்ப்ளியிடம், தொடாமல் தள்ளி நின்றுகொண்டு, அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைச் சொல்வேன். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரெண்ட் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும் என்று அப்பா எச்சரித்திருந்தார். அதனால் அதற்கு உயிர் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த ஆம்ப்ளிக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. வாரம் முழுக்கத் தொண்டை கட்டியது போலக் கம்மிப்போய்ப் பாடும். கொஞ்சம் சத்தம் கூட்டினால் குழறும். அப்பா உள்ளே எதையாவது மாற்றுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்ததும், வியாதியே இல்லாதது போலக் கணீரென்று பாடும். தான் மாற்றிய கண்டென்சர்தான் காரணம் என்று அப்பா மார்தட்டிக்கொள்வார். சனிக்கிழமை மறுபடியும் குரல் கம்மிவிடும். அவர் மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்.

வெள்ளிக்கிழமைதான் அம்மா போன் செய்யும் நாள். மஸ்கட்டில் அவளுக்கு அன்றைக்கு லீவு. அப்பாவும் அன்று சீக்கிரம் வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனில் வந்துவிட்டுப் போகிறவளுக்காக எதற்குச் சட்டை மாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றும். நான் பேசி முடித்ததும் அவர் ரிசீவரை ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரில் என் கையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த ஞானப்பாட்டு ஒன்றை வாசிப்பார். முடித்ததும் ரிசீவரை வாங்கி, கேட்டதா என்று கேட்பார். கேட்டது என்று அம்மா சொல்லியிருப்பாள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே ஆம்ப்ளி ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் நன்றாகப் பாடுகிறது என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருந்தது. அம்மா போனில் வருவது அதற்குத் தெரியும். இது அப்பாவுக்குப் புரியாமல் கண்டென்சர் கண்டென்சராக மாற்றிக்கொண்டிருக்கிறாரே என்று அவர்மேல் பரிதாபமாகக்கூட இருக்கும்.

இந்த என் கண்டுபிடிப்பைக் கெடுக்க வந்தவர் பக்கத்து வீட்டு பாய். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்கு மரப்பீப்பாய்கள். தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வியாழக்கிழமை ஆம்ப்ளி குழறிக்கொண்டிருந்தபோது, அவர் கரெண்டை ஒரே அளவாக்கித் தருகிற ஒரு இரும்பு ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"உங்க மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். எங்க டிரம்முங்க ஓடுனா இந்த லைன்ல கரெண்ட் கம்மி. வெள்ளிக்கெழம எங்களுக்கு லீவு, அதான் அன்னிக்கு நல்லா பாடுது. இது வீட்ல சும்மா கெடக்குது. இதுல சொருவிப் பாருங்க."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. டிரம் ஓடுகிற நேரத்தில் எங்கள் தெருவில் பல்பு மங்கும், ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், மிக்ஸி மூச்சு வாங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம் என்பதால் யாரும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. நான் மட்டும் பாய் சொன்னதை நம்ப மறுத்தேன். அவருக்கு டிரம்மைப் பற்றித் தெரியும், என் அம்மாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கிதாரைக் கீழே வைக்காமலே அந்தப் பெட்டியைப் பார்த்தார். "வெச்சிட்டுப் போங்க பாய். அப்பறமா பாக்கறேன்" என்றார்.

அப்புறம் பார்க்கவே இல்லை. ஸ்டெபிலைசர் மேசையின் காலடியில், போன் வைத்திருந்த முக்காலிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் என் உயரத்துக்குச் சரியாக இருந்ததால் நான் அதை என் இருக்கையாக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அதன்மேல் உட்கார்ந்துதான் மணி அடிப்பதற்குக் காத்திருப்பேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அம்மா வருவதாக இருந்தது. நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னிடம் சரியாகவே பேசவில்லை, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார். "சரி... எழுதிக் குடுத்துட்டியா? அப்பறம் இன்னா, சரி" என்றார். அன்றைக்கு அவர் கிதாரை எடுக்கவில்லை. அம்மா இன்னும் சில வருடம் அங்கேயே இருக்க ஒத்துக்கொண்டுவிட்டாள் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வேலை ஜாஸ்தியாம், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். நான் அதில் பார்க்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி அம்மா பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டேனரி முதலாளி வீட்டு அண்ணன் தம்பிக்குள் தகராறு முற்றி, டேனரியை மூடிவிட்டார்கள். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வேண்டாவெறுப்பாக ஸ்விட்சைப் போட்டு ஒரு தந்தியை மீட்டியபோது ஆம்ப்ளி கணீரென்று பாடியது என்பதுதான். திங்கட்கிழமை! ஓடிப்போய் ஸ்டெபிலைசர்மேல் உட்கார்ந்துகொண்டேன். போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் பாடியது. புதன்கிழமையும் பாடியது. பள்ளியிலிருந்து ஓடிவந்து, பையைக்கூடக் கழற்றாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தினம் தினம் நன்றாகப் பாடுகிறது என்றால் அம்மா தினமும் பேசப் போகிறாள், இல்லையென்றால் புறப்பட்டே வந்துகொண்டிருக்கிறாள். இரண்டில் ஒன்றுதான். வேறு எதுவும் இருக்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை அப்பா முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டார். வால்வுகளில் சிவப்பு ஏறியது. நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. போன் அடிக்கவில்லை. அப்பா எழுந்து, யாருக்கும் இல்லாமல், அந்த ஞானப்பாட்டை வாசித்தார். அதுவரை அந்த ஆம்ப்ளி அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை.

அந்த வாரம் முழுக்க டிரம் உருளும் சத்தமே கேட்கவில்லை, பாய் சொன்னது சரிதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆம்ப்ளிமேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் அதனிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அப்பா நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளியின் ஒயரைப் பிடுங்கினார். ஒரு குண்டு பல்பை இரண்டு ஒயரில் கட்டி, உள்ளே தங்கிய கரெண்டை அதன் வழியாக இறக்கினார். பல்பு ஒரு தடவை மின்னி அணைந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"பாய் சொன்னதுதாம்ப்பா சரி. டிரம் ஓடல, அதான்" என்றேன்.

"தெரியும் பாப்பா."

"அப்பறம் ஏன் கழட்டற? நல்லாத்தான பாடுது?"

"உள்ள ஒரு எரைச்சல் இருக்குது. உனக்குக் கேக்காது."

நான் எத்தனையோ நேரம் காதைத் தீட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். எனக்குக் கேட்காத இரைச்சல் எதுவும் அதில் இருக்கவில்லை. அப்பா வால்வுகளை ஒவ்வொன்றாக உருவிப் பழைய பனியன் துணியில் துடைத்து, மேசைமேல் வரிசையாக வைத்தார். துடைத்ததையே மறுபடியும் எடுத்துத் துடைத்தார்.

கிறிஸ்துமஸ் வந்தது. அம்மா வரவில்லை. கேக்கை பாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நானும் அப்பாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசையில் வால்வுகள் இருந்தன.

ஜனவரியில் ஒரு நாள் அண்ணன் தம்பிக்குள் சமாதானம் ஆகி, டேனரி திறந்தது. சாயங்காலம் டிரம் உருள ஆரம்பித்ததும் எங்கள் வீட்டுப் பல்பு மங்கியது. அப்பா கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வால்வுகளைச் செருகி, சூடேறும்வரை காத்திருந்து, கிதாரை எடுத்து ஒரு தடவை மீட்டினார். பழைய தொண்டைக்கட்டுக் குரல் வந்தது.

"பாத்தியா, எரைச்சல் இருக்குதுன்னு சொன்னேன் இல்ல?" என்றார். நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஸ்டெபிலைசர்மேல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிளக் துளைகள் என் கணுக்காலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தன. ஆம்ப்ளியின் ஒயர் அங்கே வரை தாராளமாக எட்டும். அதைச் செருகினால் தினமும் நன்றாகப் பாடும் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் தினமும் பாடிய நாட்களை நான் பார்த்துவிட்டேன். கம்மிய குரலிலேயே இருக்கட்டும், அப்போதுதான் வெள்ளிக்கிழமை மறுபடியும் அம்மா பேசுகிற வெள்ளிக்கிழமையாக வரும் என்று நினைத்தேன். அந்தத் துளைகளை என் காலால் மறைத்துக்கொண்டேன், அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று.

அவரும் அதே காரணத்துக்காகத்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.