டாக்டரம்மாவின் ஞானப்பல்

வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருப்பவரிடம் கேள்வி கேட்பது பல் டாக்டரம்மாவின் பழக்கம். ஒரு கையில் குட்டிக் கண்ணாடி பதித்த குச்சி, மறு கையில் துளைக்கும் கருவி. "இருபத்திநாலு பல்லு உள்ள சக்கரம் ஒரு சுத்து சுத்துனா, அதோட சேந்த எட்டுப் பல்லு சக்கரம் எத்தன சுத்து சுத்தும்? சொல்லுங்க பாப்போம்."

"ஆங்ங்" என்கிறார் நாற்காலியில் கிடப்பவர்.

"கரெக்ட்டு. மூணு."

எதிர்த்துப் பேச முடியாத சபை வேறு எந்தத் தொழிலில் வாய்க்கும் என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். வீட்டில் இந்த விஷயத்தை எடுத்தாலே ஆளுக்கொரு வேலை வந்துவிடுகிறதாம்.

வயது ஐம்பத்து நான்கு. காலையெல்லாம் ஊரார் பல். மாலையில் சொந்தப் பல். சொந்தப் பல் என்பது பிளாஸ்டிக் பற்சக்கரம். குழந்தைகள் வீடு கட்டி விளையாடுகிற அதே கட்டைகள்தான். ஆனால் அச்சு, சங்கிலி, சிறு மோட்டார், பேட்டரிப் பெட்டி எல்லாம் சேர்ந்து வரும் ரகம். மற்றவர்கள் பூட்டினால் ஓடும், தூக்கும், திரும்பும். டாக்டரம்மா பூட்டினால் பெரும்பாலும் யோசிக்கும்.

தொடக்கமே ஒரு களவு. தங்கை மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய கிரேன் பெட்டியை, எல்லாத் துண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் பிரித்தார். "செக் பண்ணேன். மூணு நாள் செக் பண்ணேன்" என்பார். நான்காம் நாள் கிரேன் சாப்பாட்டு மேசைமேல் நின்று உப்பு ஜாடியைத் தூக்கியது. குழந்தைக்குப் போனது ஒரு கவுன். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "பெரியம்மா, என் கிரேன் சௌக்கியமா?" என்று இன்றைக்கும் போனில் விசாரிக்கிறாள்.

துண்டுகளை நிறம் பிரித்து, பல்செட் வரும் சின்னப் பெட்டிகளில் போட்டுவைத்திருக்கிறார். ஒரு தடவை பெட்டி மாறிப்போய், புதுப் பல்செட்டுக்காகக் காத்திருந்த பெரியவரிடம் பதினாறு மஞ்சள் சக்கரங்களை நீட்டிவிட்டார். பெரியவர் அவற்றை நிதானமாகப் பார்த்து, "கலர்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு டாக்டர்" என்றாராம்.

கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதே வேலை. இருட்டில் வெறுங்காலால் கட்டையை மிதித்து ஒற்றைக்காலில் நிற்கும்போதும் அவர் நிதானம் தவறுவதில்லை. "இந்த வாரத்துல இது நாலாவது" என்று மட்டும் சொல்வார். அவருக்காகவே டாக்டரம்மா ஒரு முறை பத்திரிகைப் பக்கம் புரட்டும் இயந்திரம் செய்து கொடுத்தார். அது முதல் பக்கத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை மட்டும் புரட்டியது. "பரவால்ல, பாதி கவலை மிச்சம்" என்றார் கணவர்.

இத்தனைக்கும் பிறகு, ஏழு மாத உழைப்பில் உருவானதுதான் 'ஞானப்பல்'. கோலிக்குண்டு அளவுப் பந்துகளைச் சங்கிலியில் கோத்த வாளிகள் அள்ளிக்கொண்டு நெஞ்சுயரம் ஏறும், உச்சியில் கவிழும், பந்து வளைந்து வளைந்து மறுபக்கம் இறங்கும். பெயர்க்காரணம் கேட்டால் டாக்டரம்மா விரலை மடக்குவார். "லேட்டா முளைச்சுது. வைக்க இடமில்ல. உபயோகம்னு சொல்லவும் ஒண்ணுமில்ல. அப்பப்ப வலி வேற."

ஊரில் இதே கிறுக்குப் பிடித்தவர்கள் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மேசைகளை வட்டமாகப் போட்டு, தத்தம் இயந்திரங்களை வரிசையாக இணைப்பார்கள். ஒன்று தூக்கிப்போடும் பந்தை அடுத்தது வாங்கிக்கொள்ளும். அது அதற்கடுத்ததற்குத் தரும். வினாடிக்கு ஒரு பந்து, இரண்டு மணி நேரம் நிற்காமல் சுற்ற வேண்டும். நடத்துபவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் விசில் சார். "ஒண்ணு நின்னா பதினெட்டும் நின்ன மாதிரி, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லித்தான் டாக்டரம்மாவை முதல்முறையாகச் சேர்த்துக்கொண்டார்.

ஒத்திகையில் பக்கத்து மேசைக்காரர், பாலம் கட்டும் இன்ஜினியர், ஞானப்பல்லைக் காதுகொடுத்துக் கேட்டார். "மேடம், செயின் ரொம்ப இறுக்கம். மோட்டாருக்கு மூச்சு வாங்குது. ஒரு கண்ணி சேத்துடுங்க."

முப்பது வருஷமாகப் பல் கட்டுகிறவரிடம், இறுக்கத்தைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார்! "ஆடுற பல்லும் தொங்குற செயினும் எனக்கு ஆகாது தம்பி" என்று அனுப்பிவைத்தார் டாக்டரம்மா. இரண்டு நாள் அந்தப் பதிலை நினைத்து நினைத்துப் பெருமைப்படவும் செய்தார்.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. பந்துகள் சலசலவென்று வட்டத்தைச் சுற்றிவந்தன. நாற்பத்தோராவது நிமிடம் ஞானப்பல் 'கீச்' என்றது. கருகிய வாசனை வந்தது. வாளிகள் அந்தரத்தில் நின்றன. பின்னாலிருந்து வந்த பந்துகள் முட்டிமோதி, மேசையிலிருந்து கொட்டி, கூட்டத்தின் கால்களுக்கிடையே ஓடின. விசில் சார் ஊதினார். பதினேழு இயந்திரங்களும் நின்றன. இருநூறு பேர் டாக்டரம்மாவையே பார்த்தார்கள்.

அவர் பையிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்தார். குனிந்து, இயந்திரத்தின் அடிவயிற்றில் அதை நுழைத்து, மேசை விளக்கைத் திருப்பி, தன்னை மறந்து சொன்னார்: "ஆ காட்டுங்க. இன்னும் கொஞ்சம் பெரிசா."

கூடம் கொல்லென்று சிரித்தது. அவருக்குக் காது மடல் சூடேறியது. கண்ணாடியில் தெரிந்தது அதைவிட மோசம். இறுக்கிய சங்கிலி மோட்டாரின் சின்னச் சக்கரத்தை மென்று வைத்திருந்தது. வெள்ளையாகப் பிளாஸ்டிக் தூள். மோட்டாரைத் தொட்ட விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

"மாத்து மோட்டார் இருக்கா?" என்றார் விசில் சார்.

"இருக்கு சார். வீட்ல. அலமாரில. ரொம்பப் பத்திரமா இருக்கு."

மற்றவர்களின் மோட்டார்களெல்லாம் அவரவர் இயந்திரத்துக்குள் இருந்தன. விசில் சார் மேசையை அளவெடுப்பதுபோலப் பார்த்தார். "இத எடுத்துட்டு அந்தப் பக்கத்த இந்தப் பக்கத்தோட சேத்துடலாமா?" குரலில் கோபமில்லை. அதுதான் டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆட்டம் கண்ட பல்லைப் பற்றி, நோயாளிக்கு வலிக்காமல் அவரே பேசும் குரல் அது.

"பிடுங்கிடலாம் சார். ஆனா அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார்.

இன்ஜினியர் உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரே ஒரு கண்ணி இருந்தது.

டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க தம்பி. நான்தான் பெரிய இவளாட்டம் பேசிட்டேன். மத்தவங்க சொத்தைய கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் சொத்தை தெரியல."

சங்கிலி தளர்ந்தது. மோட்டாரை அதன் சக்கரத்தோடு கழற்றி வைத்தார். பெரிய சக்கரத்தின் அச்சில் நீளக் கட்டை ஒன்றைச் செருகி, நுனியில் ஒரு பிடி மாட்டினார். சுற்றிப் பார்த்தார். வாளி ஏறியது. ஒரு சுற்றுக்கு இரண்டு வாளி. அப்படியானால் இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று.

"போலாம் சார்."

விசில் சார் அவர் கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஊதினார்.

கூட்டத்திலிருந்த கணவர் எப்போது மேசை வட்டத்துக்குள் வந்து நின்றார் என்று தெரியவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். "எட்டு நிமிஷம் லேட்டு. இன்னும் ஒரு மணி பதினோரு நிமிஷம் இருக்கு. ம்... வேகம் ஜாஸ்தி. கொற. இப்ப சரி."

"என்னங்க, இது ஒண்ணும் உங்க பஸ் இல்ல."

"பஸ்ஸுன்னா இந்நேரம் இறங்கிப் போயிருப்பேன். சுத்து."

கால் மணி நேரத்தில் தோள் கனத்தது. அரை மணியில் மணிக்கட்டுக்கு உயிர் இருப்பது மட்டும் தெரிந்தது. இன்ஜினியர் இரண்டு முறை, தான் சுற்றட்டுமா என்று கேட்டார். டாக்டரம்மா வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தார். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும். கேள்வி கேட்கும் முறை இப்போது மற்றவர்களுடையது.

"இது என்ன மோட்டாருங்க?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், பிடி தெரியாத பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து.

இதற்கு மட்டும் டாக்டரம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "அம்பத்திநாலு வருஷத்து மாடல். சத்தம் ஜாஸ்தி. உதிரி பாகம் கெடைக்காது."

கணவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "கேரண்டி உண்டு" என்றார்.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்ததில் அரைச் சுற்று பிசகியது. "ரெண்டு செகண்டு லேட்டு" என்றார் கணவர்.

கடைசி விசில் நீளமாக ஒலித்தது. மேசை மேசையாகச் சுவிட்சுகள் அணைந்தன. கைதட்டல் கூரையில் போய் மோதியது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். விசில் சார் கைகுலுக்க வந்தார்.

டாக்டரம்மா யாரையும் பார்க்கவில்லை. பாதி ஏறிய வாளி ஒன்றில் ஒரு சிவப்புப் பந்து நின்றிருந்தது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல, இன்னும் ஒரு சுற்று சுற்றினார். வாளி உச்சியேறிக் கவிழ்ந்தது. பந்து வளைந்து வளைந்து இறங்கி, ஓடாமல் நின்ற பக்கத்து இயந்திரத்தின் தட்டில் போய் விழுந்தது.